சென்னையில் பார்க்க வேண்டிய இடங்கள்: கோட்டை முதல் கடற்கரை வரை

சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம். வங்காள விரிகுடாவின் கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மாநகரம் இது. 2011ஆம் ஆண்டில் எல்லைகள் விரிவாக்கப்பட்ட பின் மாநகராட்சியின் பரப்பளவு ஏறத்தாழ 426 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய ஊர் அன்று.

ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளிலிருந்து ஒருநாள் சுற்றுலா வருவோர் பெரும்பாலும் வண்டலூர் உயிரியல் பூங்காவையும் மெரினா கடற்கரையையும் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடுவர். அவை இரண்டும் பார்க்க வேண்டியவையே. ஆனால் இந்நகரம் ஏன் இந்த இடத்தில் தோன்றியது, மெரினாவில் இவ்வளவு மணல் எப்படி வந்தது என்ற இரண்டு கேள்விகளோடு சென்றால், தனித்தனியாகத் தோன்றும் பல இடங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது விளங்கும்.

துணிக்காக எழுந்த கோட்டை

புனித ஜார்ஜ் கோட்டை இருக்குமிடம் 1639ஆம் ஆண்டு வரை வெறும் மணற்பரப்பு. கப்பல் ஒதுங்குவதற்கு வளைகுடாவோ ஆழமான ஆற்று முகமோ அங்கு இல்லை. இருந்தும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் பிரான்சிஸ் டே, இப்பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர்களிடம் அந்த நிலத்தைக் கேட்டுப் பெற்றார். சுற்றுப்புறத்தில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததே அதற்கு முக்கியக் காரணம். தறி ஓசைக்கு நடுவே வளரும் ஆரணி மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பழமையான இம்மாநகரத்திற்கு அடிக்கல் இட்டது நெசவாளரின் கைத்திறன்.

ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. கம்பெனிக்குரிய துணிகளை வெளுத்தோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஆளுநர் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக அமைந்த குடியிருப்பு அவர் பெயரால் காலெட் பேட்டை எனப்பட்டு, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734ஆம் ஆண்டில் நூற்போர், நெய்வோர், சாயமிடுவோரைக் குடியமர்த்த உருவானது சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே அதன் பழம்பெயர் என்பர்.

கோட்டைக்குள் இன்று சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும் இயங்குகின்றன. 1680ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயமும் கோட்டை அருங்காட்சியகமும் அங்கேயே உள்ளன. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி இந்த அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அது பட்டுத் துணியால் ஆனது.

துறைமுகமும் மணலும்

துறைமுகம் இல்லாத கரையில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வணிகம் நடந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. ஆயினும் சரக்கு நனைவதும் படகு கவிழ்வதும் வாடிக்கையாக இருந்தன.

எனவே 1875ஆம் ஆண்டில் செயற்கைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது. கடலுக்குள் கல்லால் அலைதாங்கிச் சுவர்கள் எழுப்பப்பட்டன. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைப் பெரிதும் சேதப்படுத்தியது. மீண்டும் கட்டி முடித்தனர்.

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. துறைமுகச் சுவர் அந்தப் பயணத்தைத் தடுத்தது. நின்றுபோன மணல் சுவரின் தென்புறத்தில் ஆண்டுதோறும் சேர்ந்தது. முன்பு இன்றைய காமராசர் சாலைக்கு அருகே வரை வந்த கடல் விலகிச் சென்றது. அவ்வாறு உருவானதே இன்றைய அகன்ற மெரினா. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கரையோரம் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார்.

மணல் வந்து சேராத வடபுறத்தில் நேர்மாறாக நடந்தது. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. மீனவர் குடியிருப்புகள் நிலத்தை இழந்தன. அங்கே இன்று காண்பது மணல் அன்று; கடலைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். தென்கரைக்குக் கிடைத்த மணலின் விலையை வடகரை செலுத்தியது. மெரினாவைப் பார்ப்போர் ஒருமுறையேனும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் வரை சென்று, அந்தக் கரையையும் பார்க்க வேண்டும்.

வழியில் இராயபுரம் ரயில் நிலையத்தையும் காணலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது.

மெரினாவின் ஓரம்

உழைப்பாளர் சிலை, 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவிய தமிழறிஞர் சிலைகள், முதலமைச்சர்கள் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் நினைவிடங்கள் ஆகியன கடற்கரையில் உள்ளன. சாலையின் மறுபுறம் சேப்பாக்கம் அரண்மனை, சென்னைப் பல்கலைக்கழக மேலவைக் கட்டடம், மாநிலக் கல்லூரி ஆகியவை வரிசையாக நிற்கின்றன.

அவற்றுக்குத் தெற்கே உள்ள விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ஆம் ஆண்டில் அதைக் கட்டினர். 1897ஆம் ஆண்டில் விவேகானந்தர் அங்கு ஒன்பது நாள் தங்கினார். கலங்கரை விளக்கத்தின் மேலேறினால் கடற்கரை முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். மணல் சேர்ந்த கதையை மாணவர்களுக்கு விளக்க ஏற்ற இடம் அது.

நகருக்கு மூத்த ஊர்கள்

திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த ஊர்கள். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. அருகில் பாரதியார் தம் இறுதி நாள்களில் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்தது என்றும், போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தபின் இப்போதைய இடத்தில் கட்டப்பட்டது என்றும் கூறுவர். கடலோரத்தில் உள்ள சாந்தோம் தேவாலயத்தின் இன்றைய கட்டடம் 1896ஆம் ஆண்டில் அமைந்தது.

அருங்காட்சியகமும் பூங்காக்களும்

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தோன்றியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் இங்குள்ள அரிய செல்வங்கள். அதே வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகம் உள்ளது. நகருக்குள்ளேயே காடு இருப்பது கிண்டி தேசியப் பூங்காவின் சிறப்பு. அதை ஒட்டிச் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் உள்ளன.

செல்வோர் கவனத்திற்கு

கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில் கோட்டை, சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை ஆகிய நிலையங்களில் நிற்கிறது. இக்கட்டுரையில் கூறிய பல இடங்களை இந்த ஒரே பாதையில் சென்று காணலாம். கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணியளவில் திறக்கும்.

மெரினாவில் கடலில் குளிக்கத் தடை உள்ளது. கரையிலிருந்து பார்க்கும்போது அமைதியாகத் தோன்றினாலும், அலை திரும்பும்போது உண்டாகும் இழுப்பு நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். ஆண்டுதோறும் இங்கு உயிர்ப்பலி நேர்கிறது. அவர்களில் மாணவர்களும் உண்டு. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நிற நினைவுச்சின்னம், 1930ஆம் ஆண்டில் நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்ற முயன்று தாமே மூழ்கிப்போன ஷ்மிட் என்ற ஐரோப்பியருடையது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கடலில் இறங்கும் முன்னரே இதைச் சொல்லி, கணுக்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்ளச் செய்ய வேண்டும். பேருந்தில் ஏறுமுன் ஒருமுறை தலைகளை எண்ணிவிடுவதும் நல்லது.