பாலம் கத்திப்பாராவில்... டிராஃபிக் பாட்டி வாசலில்!

எங்கள் ஆபீஸில் மூன்று நாள் லேட்டாக வந்தால் அரை நாள் லீவு அம்பேல். 2007-ல், மே மாசம் முடிவதற்குள் என் கேஷுவல் லீவு மொத்தமும் காலி. அதில் ஒரு நாள்கூட நான் சினிமாவுக்கோ கல்யாணத்துக்கோ போகவில்லை ஸார். எல்லாவற்றையும் கத்திப்பாராதான் சாப்பிட்டது!

அப்போது அங்கே மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோடு, மவுன்ட் ரோடு, நூறடி ரோடு, பூந்தமல்லி ரோடு என்று நாலு பக்கத்துக் கூட்டமும் வந்து முட்டுகிற இடம். அதன் நடுவே தகரத் தடுப்பு, பள்ளம், கிரேன். நேற்று போன வழி இன்று இருக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் புகையைக் குடித்தபடி நேரு சிலையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்த ஒரு வருஷத்தில் என் பெண்டாட்டியைவிட நேருவைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன்.

எனக்கு வீடு நங்கநல்லூர், ஆபீஸ் நந்தனம். ஒருநாள் பக்கத்து சீட் நண்பன் காதில் ஓதினான்: "மாப்ளே, நீ ஏண்டா பழவந்தாங்கல் சப்வேல இறங்கறே? ஆதம்பாக்கத்துக்குள்ள பூந்து வேளச்சேரி ரோட்டைப் புடி. ரேஸ்கோர்ஸ் பக்கமா கிண்டில போய்க் குதிச்சிடலாம். கத்திப்பாரா மூஞ்சிலயே முழிக்க வேணாம்!"

முதல் வாரம் நான்தான் ராஜா. சந்து, அதற்குள் ஒரு சந்து, மாட்டுக்கு ஒரு ஹாரன், குழாயடிக்கு ஒரு ஹாரன். மூன்றாவது வாரம் பார்த்தால் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பின்னால் ஸ்கூல் வேன், எதிரே தண்ணீர் லாரி! என் நண்பன் எத்தனை காதில் ஓதினானோ?

அந்தச் சந்தில் ஒரு பாட்டி தினம் வாசலில் கோலம் போடுவார். நானும் தினம் அதன் மேல் வண்டியை ஏற்றிக்கொண்டு போவேன். ஒதுங்க இடம் கிடையாது என்பது என் நியாயம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஏழெட்டு வயசுப் பெண் ஒன்று, கையில் பால் பாக்கெட்டோடு திடீரென்று குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை அமுக்கினேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குழந்தைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பால் பாக்கெட் மட்டும் வெடித்து, கோலத்தின் மேல் ஓடியது. எனக்குக் கை கால் நடுங்கியது. முட்டியில் ரத்தம் வருவதே அப்புறம்தான் தெரிந்தது.

பாட்டி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். திட்டவில்லை.

"எங்க தம்பி பாலம் கட்டறாங்க?"

"கத்திப்பாராவுல பாட்டி..."

"அப்ப அங்க போய் நில்லேன். எங்க வாசல்ல ஏன் பறக்கறே?"

என்ன பதில் சொல்ல? பாலுக்குக் காசு கொடுத்தேன். அன்றைக்கும் லேட்.

அதன் பிறகுதான் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். ஒரு வாரம் மெயின் ரோடு, ஒரு வாரம் சந்து வழி என்று புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எல்லாவற்றையும் டைரியில் குறித்தேன். சந்தில் மிச்சமானது சராசரியாக நாலே நாலு நிமிஷம்! தூரமோ இரண்டு கிலோமீட்டர் கூடுதல். வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறதா, சீக்கிரம் போகிறோம் என்று மனசு ஏமாந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். மறுவாரத்திலிருந்து இருபது நிமிஷம் முன்னால் கிளம்பி, மறுபடியும் நேரு சிலைக்கே போய்ச் சேர்ந்தேன். (இதைத்தான் முதலிலேயே சொன்னதாக என் மனைவி இன்றுவரை சொல்கிறாள்.)

2008-ல் பாலம் முழுசாகத் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வடபழனி போய்விட்டு மனைவியோடு திரும்பினேன். இது க்ளோவர் இலை வடிவப் பாலம். வலது பக்கம் திரும்பணும் என்றால் முதலில் நேராகப் போய், இடது பக்கம் வளைந்து முக்கால் வட்டம் அடிக்கணும். வலது பக்கம் எங்கே எங்கே என்று தேடியதில் அந்த வளைவைக் கோட்டை விட்டேன். நேராகப் போய்க்கொண்டே இருந்தால்... ஆதம்பாக்கம்!

வேறு வழியில்லாமல் பழைய சந்தில் நுழைந்தேன். தெருக்காரர்கள் போட்ட வேகத்தடை ஒன்று புதுசாக முளைத்திருந்தது. மெதுவாக ஏறி இறங்கினேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"பாலம் தொறந்தாச்சா தம்பி?"

"ஆச்சு பாட்டி."

"பின்னே ஏன் இந்தப் பக்கம்?"