வாயால் கேட்க முடிகிற சின்னம்

மளிகைக் கடைக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மா, "அணில் சேமியா ஒரு பாக்கெட், கோபுரம் மஞ்சத்தூள் ஒண்ணு" என்றுதான் சொல்லி அனுப்புவார். அதை எந்தக் கம்பெனி தயாரிக்கிறது, எந்த ஊரில் தயாராகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தாலும் சொல்லப் போவதில்லை. பாக்கெட்டின் மேலிருக்கும் படமே பேராகி, பேர் பண்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இதற்கென்றே தமிழ்க் கடைவீதியில் 'மார்க்' என்று ஒரு சொல் உண்டு. யானை மார்க், மான் மார்க், சாவி மார்க். 1916-ல் விருதுநகரில் தொடங்கிய குளிர்பானக் கம்பெனி ஒன்றின் பேரே காளிமார்க். லோகோ, பிராண்டு என்று விளம்பர உலகம் பேசுவதும் இதைத்தான். ஆனால் அந்தப் பேச்சில் கண்ணுக்கே முதல் மரியாதை: என்ன நிறம், என்ன எழுத்து, கோடு எவ்வளவு வளைய வேண்டும். என் கணக்கில் முதல் மரியாதை வாய்க்குத்தான். சின்னத்தை வரைகிறவர் ஓவியர். அதற்கு ஒரு பேர் வைத்துக் கடையில் கேட்கிறவர்தான் அதை அடையாளமாக்குகிறார்.

படம் ஒட்டி விற்கும் வழக்கம் வியாபாரிகளின் கலை ஆர்வத்தால் வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிகளின் மேல் பளபளப்பான வண்ணத்தாள் ஒன்று ஒட்டியிருக்கும். 'டிக்கெட்' என்று அதற்குப் பேர். தெய்வங்கள், யானை, புலி, ராஜா ராணி என்று ஏகப்பட்ட படங்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், போன தடவை வாங்கிய அதே துணியை இந்தத் தடவையும் வாங்க வேண்டுமானால் படத்தைச் சொல்லிக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பிரிட்டனில் 1876 ஜனவரி 1 அன்று வணிகச் சின்னப் பதிவு தொடங்கியபோது முதலாவதாகப் பதிவானது பாஸ் என்ற பீர்க் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். பிரெஞ்சு ஓவியர் மனே 1882-ல் முடித்த புகழ்பெற்ற பாரிஸ் மதுக்கூட ஓவியத்தில், மேசைமேல் நிற்கும் பாட்டிலில் அந்த முக்கோணத்தைப் பார்க்கலாம். நம் நீதிமன்றங்களும் சின்னத்தை அளப்பது வாங்குகிறவரின் நினைவைக் கொண்டுதான். 'அம்ருததாரா', 'லட்சுமண்தாரா' என்ற இரண்டு மருந்துப் பேர்கள் மோதிய வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோல், சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள சாதாரண ஆள். அவர் கடை வாசலில் நின்று சொல்லைப் பிரித்துப் பொருள் பார்க்க மாட்டார். காதில் விழுந்த ஓசையை வைத்துக் கேட்பார் என்ற நோக்கில், அந்த இரண்டு பேர்களும் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருப்பதாகவே நீதிமன்றம் கருதியது.

இந்த வாய்க்கணக்கைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது எந்தக் கம்பெனியும் அல்ல, தேர்தல் ஆணையம். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்குச் சுமார் 18 பேர். அந்த நாட்டில் 1951–52-ல் முதல் பொதுத்தேர்தல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பிற்காலத்தில் ஆணையத்துக்காகச் சின்னங்களை பென்சிலால் வரைந்துகொடுத்தவர் எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர். 1992-ல் ஓய்வு பெற்றார். சுயேச்சைகளுக்கான பட்டியலைப் பார்த்தால் ஏதோ பாத்திரக்கடைக்குள்ளும் ஹார்டுவேர் கடைக்குள்ளும் மாறி மாறி நுழைந்தது போலிருக்கும். சீப்பு, ஏணி, டார்ச் லைட், தையல் மிஷின், கேஸ் சிலிண்டர். கலை நுணுக்கம் எதுவும் கிடையாது. ஆனால் பேர் சொல்லத் தெரியாத பொருள் ஒன்றுகூட அதில் இருக்காது. தமிழ்நாட்டு வாக்காளர் அதை இன்னும் சுருக்கிவிட்டார். "இலைக்கா, சூரியனுக்கா?" என்ற இரண்டு சொல்லில் ஒரு மாநிலத்தின் அரை நூற்றாண்டு அரசியல் அடங்கிவிடுகிறது. சத்தம் கேட்காத தூரத்தில் விரல் பேசும். இரண்டு விரலை விரித்தால் இலை, ஐந்தையும் விரித்தால் சூரியன். விளம்பரக் கம்பெனி எதுவும் சொல்லிக்கொடுத்து வந்த சைகைகள் அல்ல இவை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சின்னத்துக்கு இவ்வளவு வலு என்றால், சின்னத்தை இழந்தவர் கதை முடிந்துவிட வேண்டுமே? 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் இரட்டை இலையை எதிர்த்து, அதற்குச் சில வாரம் முன்பு கிடைத்த பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்ததற்கு வேறு காரணங்கள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் சின்னத்தைப் பற்றி மட்டும் யோசித்தால், எல்லா வீட்டு அடுப்பிலும் தினமும் விசில் அடிக்கிற பொருள் அது; பிரசாரத்தில் தலைக்கு மேல் தூக்கிக் காட்டவும் தோதானது. சரி, பழகிய பொருளாக இருந்தாலே போதுமா என்றால் அதுவும் இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் அவருடைய கட்சி பரிசுப் பெட்டிச் சின்னத்தில் நின்று ஒரு இடம்கூடப் பெறவில்லை. வாயில் நுழைவது சின்னத்துக்கு வாசல் மட்டும்தான். உள்ளே போய் உட்கார வேறு சரக்கு வேண்டும்.

வாசகத்துக்கும் இதே கதிதான். 1960-களின் பிற்பகுதியில் மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குத் தலைகீழான சிவப்பு முக்கோணத்தைச் சின்னமாக்கியவர் தீப் தியாகி என்ற அதிகாரி. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் என்று நான்கு முகங்கள். சுகாதார நிலையச் சுவரிலும் லாரியின் முதுகிலும் அந்த முக்கோணம். அதோடு வந்து சேர்ந்த வாசகம் 'நாம் இருவர், நமக்கு இருவர்'. இந்தியில் 'ஹம் தோ, ஹமாரே தோ' என்றிருந்தது தமிழுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கவில்லை. 'ந'வுக்கு 'ந' மோனை, முடிவில் அதே சொல் திரும்ப வருகிறது. முதல் 'இருவர்' பெற்றோர், இரண்டாவது 'இருவர்' பிள்ளைகள். 'சிறு குடும்ப நெறியைப் பின்பற்றுவீர்' என்று எழுதியிருந்தால் சுவரோடு போயிருக்கும். இதுவோ பிற்பாடு 'நமக்கு ஒருவர்' என்று அரசாங்கமே குறைத்துக்கொள்ளவும், கேலிக்காக ஆளாளுக்கு மாற்றிச் சொல்லவும் இடம் கொடுத்தது. மாற்றிக் கிண்டலடிக்க முடிகிற வாசகம்தான் உண்மையில் ஊருக்குள் போய்ச் சேர்ந்த வாசகம். ஆனால் 1975–77 அவசரநிலைக் காலத்தில் வட மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை நடந்தபோது, அதே முக்கோணம் பலருக்குப் பயத்தின் அடையாளமாயிற்று. 1977-ல் குடும்பக் கட்டுப்பாடு என்ற பேரையே விட்டுவிட்டு, குடும்ப நலம் என்று மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது. பண்டம் கெட்டால் சின்னம் காப்பாற்றாது. கெட்டது எது என்று சட்டென்று அடையாளம் காட்டிக்கொடுக்கும்.

நைக்கி ஷூவின் வளைகோட்டுக்கு என்ன பேர், அது உலகம் முழுக்க விற்கவில்லையா என்று கேட்பார்கள். 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலர் கூலிக்கு வரைந்தது அது. சுமார் கால் நூற்றாண்டு காலம் பக்கத்தில் கம்பெனிப் பேரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, எண்ணி மாளாத விளம்பரப் பணத்தையும் கொட்டிய பிறகுதான் கோடு தனியாக நின்றது. அப்போதும் நம்மூர்ப் பையன்கள் அதை விட்டுவைக்கவில்லை, 'டிக் மார்க்' என்று பேர் வைத்துவிட்டார்கள். இன்னொரு கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் யார் வாய் திறந்து கேட்கிறார்கள்? கேட்பதில்லைதான், மனசுக்குள் ஒரு பேரைச் சொல்லிக்கொண்டு தேடுகிறார்கள். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராப்பிகானா ஆரஞ்சு ஜூஸ் தன் பெட்டியை நவீனமாக்கியது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழம் போய், ஒரு கண்ணாடி டம்ளர் ஜூஸ் வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் டம்ளர் ஜூஸ் எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஸ்ட்ரா குத்திய பழம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மாதம் ஆவதற்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழ, பழையபடி பழத்தையே கொண்டுவந்து வைத்தார்கள்.

வாய்க்குள் போவதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு மீறிப் போய்விட்டால் பேர் கம்பெனியின் கையை விட்டுப் போகும். 'எஸ்கலேட்டர்' ஓட்டிஸ் கம்பெனியின் சொத்தாக இருந்த பேர். எல்லா நகரும் படிக்கட்டுக்கும் அதுவே பொதுப்பேராகிவிட்டதால் 1950-ல் அமெரிக்காவில் அந்த உரிமை போயிற்று. இங்கே வனஸ்பதி என்ற சொல்லை விழுங்கியது பனைமரம் போட்ட மஞ்சள் டப்பா டால்டா. தெருமுனை 'ஜெராக்ஸ்' கடைக்குள் ஓடுவது பெரும்பாலும் வேறு கம்பெனி மிஷின். தள்ளுவண்டியில் இளநீர் குடித்துவிட்டு "ஜிபே பண்ணிடட்டுமா?" என்று கேட்டால், இளநீர்க்காரர் தலையாட்டிவிட்டு போன்பே அட்டையை எடுத்து நீட்டுவார்.