நடவாவிக்குப் போனது 19 பேர். வேனில் ஏறியது 18!

கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் கவனிக்க...

"பெரியம்மா எங்கே?"

"உங்க வேன்ல இல்லையா?"

"என்னது? உங்க வேன்லதானே வந்தாங்க!"

ராத்திரி மணி பத்தரை. காஞ்சீபுரத்தில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில்தான் இந்தப் பேச்சு. இரண்டு வேனில் வந்தவர்களுக்கும் கை கால் ஓடவில்லை.

பெரியம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரைப் பை முதல் வேனில் இருந்தது. செல்போன்? அதுவும் அதே பைக்குள்! பெரியம்மா மட்டும் ஐயங்கார்குளத்துத் திருவிழாக் கூட்டத்தில்!

இது நம் வீட்டுக் கதைதான். சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. வெட்கத்தை விட்டு எழுதக் காரணம் உண்டு. நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துக் கோவில் குளம் போகாத தெரு சென்னையில் ஏது? இந்தத் தப்பு நாளைக்கு உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

கிணற்றுக்குள் இறங்கும் பெருமாள்

ஐயங்கார்குளம், காஞ்சீபுரத்தை அடுத்த கிராமம். ஏரி மாதிரி பரந்து கிடக்கும் பெரிய குளம். அதன் கரையில் சஞ்சீவிராயர் என்ற ஆஞ்சநேயர் கோவில். விஜயநகர மன்னர் காலத்தில் வாழ்ந்த லட்சுமி குமார தாத்தாச்சாரியார் செய்த திருப்பணி இது.

பக்கத்திலேயே பூமிக்கு அடியில் இருக்கிறது நடவாவிக் கிணறு. படி வழியாக நடந்து இறங்கினால் உள்ளே கல் தூண் மண்டபம், அதற்குள் கிணறு. மற்ற நாளில் தண்ணீர் நிற்கும். சித்ரா பவுர்ணமிக்கு முன்னால் தண்ணீரை இறைத்து விடுவார்கள். அன்றைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் ஊர் ஊராக வந்து, இந்தக் கிணற்று மண்டபத்தில் இறங்கி வலம் வருகிறார். பிறகு பாலாற்றுக்குப் போய்த் திருமஞ்சனம் கண்டு காஞ்சிக்குத் திரும்புகிறார்.

இதைப் பார்க்கத்தான் நாங்கள் 19 பேர் கிளம்பினோம்.

மாமா போட்ட புரோகிராம்

கணக்கு எழுதும் வேலை பார்க்கும் மாமாதான் தலைவர். ஆளுக்கு ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்.

காலை 5.30 புறப்பாடு. 7.30 டிபன். 8.15 காமாட்சி அம்மன். 9.30 ஏகாம்பரநாதர். 10.45 பட்டுக் கடை. 12.30 சாப்பாடு. 1.30 உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு. 6.00 நடவாவி. 9.30 சென்னைக்குக் கிளம்ப வேண்டியது. பாத்ரூம் போக 5 நிமிஷம் என்று தனியாக ஒரு வரி!

நடந்தது என்ன? கிளம்பும்போதே மணி ஆறே முக்கால். ஒரு கோவில் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறி விட்டது. அடுத்த கோவிலில் மத்தியான நடை சாத்தி விட்டார்கள். பட்டுக் கடையில் மூன்று மணி நேரம். பெண்களைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. பட்டு வேட்டிக்குக் கரை பிடிக்காமல் கடைசி ஒரு மணி நேரத்தைத் தின்றவர் மாமாதான்!

போன நேரத்தைப் பிடிக்க மாமா ஒரு வழி சொன்னார்: "ரெண்டா பிரிவோம். ஒரு வேன் உத்திரமேரூர் போகட்டும். கால் வலிக்கிறவங்க இங்கேயே இருக்கட்டும்."

அங்கேதான் சனி பிடித்தது. யார் எந்த வேன் என்ற கணக்கு அந்த நிமிஷமே போய் விட்டது. சின்னப் பிள்ளைகள் அதில் ஏறி இதில் இறங்கினார்கள். பெரியம்மாவும் பேத்தியோடு ஒரு தரம் வண்டி மாறினார்.

எண்ணிப் பார்க்க ஆளில்லை

சாயந்திரம் ஐயங்கார்குளம் போய்ச் சேர்ந்தால், பெருமாள் வரக் காணோம். வழியில் ஒவ்வொரு ஊரிலும் மண்டகப்படி. ஜனங்கள் தேங்காய் பழத்தோடு காத்திருக்கும்போது விட்டு விட்டு வர முடியுமா? மாமா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தார்.

ஒரு வழியாக மேளச் சத்தம் கேட்டது. கூட்டம் முண்டியடித்தது. பெருமாள் படி இறங்கினாரோ இல்லையோ, மாமா கத்தினார்: "பார்த்தாச்சில்ல, ஏறுங்க ஏறுங்க!"

ஏறினோம். இந்த வேனில் இல்லாதவர் அந்த வேனில் இருப்பார் என்று அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். இரண்டு வேன் போனால் வரும் ஆபத்தே இதுதான்.

ஒரு வேனைத் திருப்பிக்கொண்டு ஓடினோம். கூட்டத்தில் வண்டி நகரவில்லை. கடைசி தூரத்தை நடந்தே போனோம். ஆஞ்சநேயர் கோவில் வாசலில் வளையல் விற்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் பெரியம்மா. அந்த அம்மா கொடுத்த வாழைப் பழம் பாதி கையில் இருந்தது.

கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்பா, ஒருத்தருமா எண்ணிப் பாக்கலே?"

மாமா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

பெருமாளுக்கும் புரோகிராம் உண்டு

பெருமாளும் புரோகிராம் போட்டுத்தான் வருகிறார். எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், எங்கே மண்டகப்படி, எங்கே திருமஞ்சனம், எல்லாம் முன்கூட்டியே தெரிந்ததுதான். மணி மட்டும் முன்னே பின்னே ஆகும். அதற்காக ஒரு ஊரை விடுவதில்லை.

நாங்கள் செய்தது தலைகீழ். மணியைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டு விட்டோம்!

இது சிரிக்கிற சமாசாரம் இல்லை. 40 வருஷத்துக்குப் பின் 2019-ல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது, காஞ்சீபுரம் பார்த்த நெரிசலில் உயிர்ச் சேதமே ஏற்பட்டது.

அடுத்த தடவை செய்தது

மறு வருஷம் மறுபடி போனோம். பெரியம்மா முன்னால் நின்று திட்டம் போட்டார்.

முதலில் தேதி. பவுர்ணமி இங்கிலீஷ் தேதிக்குக் கட்டுப்படாது. சித்ரா பவுர்ணமி 2023-ல் மே 5. 2024-ல் ஏப்ரல் 23. போன வருஷ தேதியை நம்பி ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தால் ஏமாற வேண்டியதுதான். அதே ராத்திரி திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் ஊரே திரளுவதால் வேன் கிராக்கி. முன்பணத்தைச் சீக்கிரம் கொடுத்து விட வேண்டும்.

கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் 'முடிந்தால்' கணக்கு.

'எல்லாரும் பாத்துக்குங்க' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பாட்டிக்கு இன்னார், பொடியனுக்கு இன்னார் என்று பெயர் சொல்லி ஒப்படைத்தோம். வண்டி மாறினால் இரண்டு வேனிலும் சொல்லி விட்டுத்தான் மாற வேண்டும். எண்ணி முடிக்காமல் டிரைவர் சாவி போடக் கூடாது.

தவறி விட்டால் கூடும் இடம், ஆஞ்சநேயர் கோவில் வாசல். தேடி அலையாதே, அங்கே வந்து நில். கூட்டத்தில் செல்போனை நம்ப முடியாது. வேன் நம்பரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் இடுப்பிலும். மாத்திரை, சாப்பிடுகிறவர் கையிலேயே.

பொதுப் பணம் ஒருவரிடம். கணக்கு அன்றைக்கு ராத்திரியே.

ரெயிலில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான் போட முடியும். 19 பேர் என்றால் 4 டிக்கெட். இடம் வேறு வேறு பெட்டியில் விழலாம். வயசானவர்களை ஒரே டிக்கெட்டில் சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் ஒரு இளவட்டத்தைப் போடுங்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே ஆரம்பமாகி விடும்.

அந்தத் தடவையும் 19 பேர் போனோம். 19 பேரும் திரும்பினோம். பெருமாள் கிணற்றுக்குள் இறங்கியதையும் பார்த்தோம், மேலே வந்ததையும் பார்த்தோம்.

உத்திரமேரூர் போக முடியவில்லை. மாமாவுக்கு மனக்குறை.

பெரியம்மா சொன்னார்: "கல்வெட்டு ஆயிரம் வருஷமா அங்கேயேதானே இருக்கு? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். முதல்ல எண்ணுப்பா!"