உறையும் சேர்ந்ததே கத்தி



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கத்தி புதிதன்று. விடியுமுன் பால்மரத்துக்குப் புறப்படுபவர் கையில் உளி, செம்பனைக் குலை இறக்குபவர் தோளில் நீண்ட அரிவாள், வீட்டுப் பின்கட்டில் பாராங், அடுப்படியில் அரிவாள்மணை. இவையெல்லாம் நமக்குச் சோறு போட்ட கருவிகள். ஆயினும் ஒரு கத்தியைத் தம் கையாலேயே செய்து பார்த்தவர்கள் நம்மிடையே மிகச் சிலர். ஓய்வு நேரத்தில் ஒரு சிறு கத்தியையும் அதற்கேற்ற உறையையும் செய்யக் கற்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

"பிள்ளைகள் கையில் கத்தியா?" என்று தாய்மார்கள் கேட்பது நமக்குக் காதில் விழுகிறது. அந்தக் கேள்வி நியாயமானதே. ஆகவே முதலில் உறையைப் பற்றி ஒரு சொல்.

நாம் சிறுவராக இருந்த காலம். எம் தாயார் மரம் வெட்டிவிட்டு வந்து பையைத் திண்ணையில் வைத்தார். தின்ன ஏதேனும் மீந்திருக்குமா என்று தம்பி பைக்குள் கைவிட்டான். பழந்துணியில் சுற்றியிருந்த உளி அவன் விரலைப் பதம் பார்த்துவிட்டது. காயம் ஆறிற்று, தழும்பு இன்றும் இருக்கிறது. மறுநாள் மாலை எம் தந்தையார் கிழிந்துபோன ரப்பர் சப்பாத்தின் மேற்பகுதியை அறுத்து, கம்பியால் தைத்து, அந்த உளிக்கு ஓர் உறை செய்தார். கூராக்குவது பாதி வேலை, கூரை அடக்கி வைப்பது மறுபாதி என்பதை அன்றுதான் நாம் கற்றோம்.

இரும்பு வேலை நம் கடார மண்ணுக்கு மிகப் பழைய தொழில். பீடோங் பக்கத்திலுள்ள சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், கசடும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய சுட்டமண் குழாய்களும் ஏராளமாக வெளிப்பட்டன. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. தமிழகத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும் இத்தகைய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன.

அண்மைக் காலத்துச் செய்தியும் ஒன்று உண்டு. 1950களின் முற்பகுதியில் ராபர்ட் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கப்பல் பணியாளர் ஒரு நல்ல கத்தி வாங்கப் போனார். பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவரோ பழைய காரின் வில்லுப்பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்துத் தாமே ஒரு கத்தி செய்தார். பின்னாளில் உலகறிந்த கத்திக் கலைஞரானார்.

பழைய வில்லுப்பட்டை ஏன்? எல்லா இரும்பும் கத்தியாகாது. இரும்பில் கலந்துள்ள கரிமத்தின் அளவே அதைத் தீர்மானிக்கிறது. சன்னல் கம்பியிலும் ஆணியிலும் கரிமம் மிகக் குறைவு. எவ்வளவு காய்ச்சினாலும் கூர் நிற்காது. வில்லுப்பட்டையில் அது 100க்கு 0.6 பங்களவு, நல்ல அரத்தில் ஏறத்தாழ 1 பங்கு. மின்சாணையில் பிடித்தால் வேற்றுமை தெரியும். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாகப் பாயும். உருக்கின் பொறி பூப்போல வெடித்துக் கிளைவிடும். தொடங்குபவர்களுக்குத் தேய்ந்த பழைய அரமே வசதி. துத்தநாகம் பூசிய இரும்பை மட்டும் ஒருபோதும் நெருப்பில் இடாதீர்கள். அதன் புகை உடலுக்குக் கேடு.

முதலில் அட்டையில் வடிவம் வரைந்து கொள்ளுங்கள். அலகு 8 சென்டிமீட்டர், பிடி 11 சென்டிமீட்டர் இருந்தால் முதற்கத்திக்குப் போதும். அரத்தைச் செந்நிறமாகக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினால் இரும்பு இளகும். பின்பு வாளால் அறுத்து, பல்லை நீக்கி, வேறோர் அரத்தால் ராவி வடிவம் கொடுக்கலாம். பிடியில் இரண்டு துளை இடுங்கள். கூர்முனையை இப்போதே மெலிதாக்கிவிடாமல் 1 மில்லிமீட்டர் தடிப்பு விட்டு வையுங்கள். இல்லையேல் அடுத்த கட்டத்தில் கோணிக்கொள்ளும்.

அடுத்தது தோய்ச்சல். இதுவே கத்திக்கு உயிர் கொடுக்கும் கட்டம். செங்கல் அடுக்கி, கரி நெருப்பு மூட்டி, அலகைச் சீராகக் காய்ச்சுங்கள். இடையிடையே ஒரு காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது போகும். அதற்கு மேல் சற்றே காய்ச்சி, இளஞ்சூடான செம்பனை எண்ணெயில் நேராக இறக்குங்கள். தண்ணீரில் இறக்கினால் வெடிப்பு விழக்கூடும். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாதீர்கள். தகர மூடியால் மூடுங்கள். கண்ணாடி, கையுறை, அருகே ஒரு பெரியவர், இம்மூன்றும் இன்றி இதில் இறங்கவே கூடாது.

இப்போது அலகு கண்ணாடிபோல் கடினமாயிருக்கும். கீழே விழுந்தால் ஒடிந்துவிடும். எனவே தாமதியாமல் சமையலறை அவனில் 200 பாகையில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை வாட்டுங்கள். மேலே துலக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் படர்ந்தால் சரியான பதம். நீலம் படர்ந்தால் பதம் மிஞ்சிவிட்டது. கூர் நெடுநாள் நிற்காது. பிறகு பலா போன்ற மரத்தால் இருபக்கமும் பிடி வைத்து, பசையும் பித்தளை ஆணியும் கொண்டு இறுக்குங்கள். கடைசியாகத் தீட்டுக்கல்லில் கூராக்குங்கள்.

இனி உறை. தாவரச் சாற்றால் பதனிட்ட 3 மில்லிமீட்டர் மாட்டுத்தோல் ஏற்றது. நீரில் நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் சுற்றிய கத்திமேல் அழுத்தினால், உலர்ந்தபின் அதே வடிவில் நிற்கும். பிறகு, கூர் இருக்கும் பக்கத்தில் இரு தோல்களுக்கிடையே ஒரு தோல்வாரைச் செருகி ஒட்டுங்கள். அது இல்லாவிட்டால் கத்தியின் கூரே தையலை அறுத்துவிடும். இரட்டை ஊசியில் மெழுகு நூல் கோத்து, ஒரே துளை வழியாக இருபுறமிருந்தும் தையுங்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி நழுவக்கூடாது.

மலாய்க்காரர்கள் பாராங்குக்கு இரு மரப்பலகைகளைப் பொருத்திப் பிரம்பால் கட்டி உறை செய்வார்கள். அத்தகைய உறையிலிருந்து உருவும்போது விரல்களைக் கூர்ப்பக்கம் சுற்றிப் பிடிக்காதீர்கள். மரம் பிளந்திருந்தால் கை அறுபடும். நம் நாட்டு ஈரக்காற்றில் தோலுறைக்குள் நெடுநாள் கிடந்தால் கத்தி துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவித் தனியே வையுங்கள்.

இளைஞர்களே, ஒன்றை மறவாதீர்கள். தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "நானே செய்தது" என்று இடுப்பில் செருகிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பாதீர்கள். நண்பனிடம் காட்டும் பெருமைக்காக ஒரு பிள்ளை காவல் நிலையப் படியேறினால், பெற்றோர் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

பெற்றோர்களே, ஒரு கத்தியை ராவி முடிக்கப் பல வார மாலைகள் ஆகும். அத்தனை மாலையும் அப்பாவும் பிள்ளையும் ஒரே பலகையருகில் உட்கார்ந்திருப்பார்கள். அவசரப்பட்டால் இரும்பு கோணும் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே அறிந்துகொள்வான். நாளை பட்டறைக்கோ தொழிற்கல்விக் கூடத்துக்கோ போகும்போது அந்தப் பொறுமை அவனுக்குக் கைகொடுக்கும்.

அந்தச் சப்பாத்து உறை தேயும்வரை எம் தாயாருடனேயே மரத்துக்குப் போய்வந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் பைக்குள் கைவிட்ட பிள்ளை எவரும் அழுததில்லை.