பள்ளி மைதானத்திலிருந்து தேசப்படத்திற்கு: புனே நகரம் அளிக்கும் பூகோளப் பாடம்

ஆறாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனிடம் உலகப் படத்தைக் காட்டி நைல் நதி எங்கே உள்ளது என்று கேட்டால், அவன் தயங்காமல் விரலை வைத்துக் காட்டிவிடுவான். அவனுடைய பள்ளியின் வாயில் எத்திசையை நோக்கியுள்ளது என்றோ, தன் தெருவில் பெய்யும் மழைநீர் எந்த ஓடையிற் சென்று சேருகிறது என்றோ கேட்டால் விழிப்பான். பெயர்களை மனப்பாடம் செய்வது வேறு, பூமியை அறிவது வேறு. தேசப்படம் என்பது சுவரில் தொங்கும் சித்திரமன்று. காலடியில் உள்ள நிலத்தைப் பற்றிய சுருக்கெழுத்து. அச்சுருக்கெழுத்தைப் படிக்கவும் எழுதவும் பழக்குவதே நடுநிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியரின் முதற்கடமையாகும்.

இப்பயிற்சிக்கு மகாராஷ்டிர மாநிலத்தின் புனே நகரம் மிகவும் ஏற்ற இடமாக அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், சகயாத்திரி மலைத்தொடரின் கிழக்குப் புறத்தில் இந்நகரம் உள்ளது. தென்மேற்கிலிருந்து வரும் முட்டா நதியும் வடமேற்கிலிருந்து வரும் முளா நதியும் நகரிலேயே கூடுகின்றன. குன்று, ஆறு, அணை, வானிலை ஆராய்ச்சி நிலையம் ஆகிய யாவும் மாணாக்கர் காணத்தக்க தொலைவில் இருக்கின்றன. மாநிலப் பாடநூல் நிறுவனமாகிய 'பாலபாரதி' 1967-ஆம் ஆண்டில் தோன்றியதும் இந்நகரிலேதான். அங்கே கைக்கொள்ளத்தக்க முறைகளைக் கீழே காண்போம். அவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

அளவுத் திட்டம்

முதற்பாடத்தைப் பள்ளி மைதானத்தில் தொடங்க வேண்டும். தரையில் 50 மீட்டர் தூரத்தை அளவு நாடாவால் குறித்து, ஒவ்வொரு மாணாக்கனையும் இயல்பாக நடக்கச் செய்து அடிகளை எண்ணச் சொல்லலாம். ஒருவனுக்கு 80 அடிவைப்புகள் ஆயின், அவனுடைய ஒரு எட்டு 62.5 சென்டிமீட்டர். இனி அவனுடைய கால்களே அவனுக்கு அளவுகோல்.

மைதானம் 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ளதெனக் கொள்வோம். ஒரு சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் என்று அளவு வகுத்தால், தாளில் அது 12 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் பெறும். கிணறு, கொடிக்கம்பம், வேப்பமரம் முதலியவற்றை உரிய இடங்களிற் குறித்தால் படம் நிறைவுறும். இதன் அளவுத் திட்டம் 1 : 500 ஆகும்.

அடுத்து ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புதல் நன்று: 'இந்திய சர்வே இலாகாவின் 1 : 50,000 படத்தில் நம் மைதானம் எவ்வளவு பெரிதாக இருக்கும்?' கணக்கிட்டால் நீளம் 1.2 மில்லிமீட்டர் என்று விடை வரும். பென்சில் முனையினும் சற்றே பெரிய ஒரு புள்ளி! பெரிய பரப்பைக் காட்டும் படம் சிறியவற்றை விட்டுவிட நேர்கிறது என்பதையும், எதைக் காட்டுவது, எதை விடுவது என்று படம் வரைவோர் முடிவு செய்கின்றனர் என்பதையும் மாணாக்கர் அக்கணமே உணர்வர்.

திசை

திசை அறிய ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோலும் கயிறும் போதும். கோலைச் செங்குத்தாக நட்டு, முற்பகலில் நிழல் நுனியைக் குறித்து, கோலின் அடியை மையமாகக் கொண்டு அந்நுனி வழியே ஒரு வட்டம் வரைய வேண்டும். பிற்பகலில் நிழல் மீண்டும் அவ்வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறிக்க வேண்டும். இவ்விரு நிழற் கோடுகளுக்கு இடையிலுள்ள கோணத்தை இரு சமபாகமாக்கும் கோடே வடக்கு தெற்குக் கோடு.

நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணியாக இராது. இந்தியத் திட்ட நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. புனேயோ 74 பாகைக்குச் சற்று மேற்கே உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், அங்கே நண்பகல் சராசரியாகப் பகல் 12.35 மணிக்கு நேரும். சென்னையில் இது 12.09 மணியளவில் நேரும். தீர்க்கரேகை என்பது வெறுங்கோடன்று, அது நேரத்தின் அளவு என்பதை ஒரு கோலின் நிழல் கற்பித்துவிடுகிறது.

புனேயின் அட்சரேகை 18½ பாகை வடக்கு. ஆகவே மே மாத நடுவிலும் ஜூலை மாத இறுதியிலும் ஒவ்வொரு நாள் நண்பகலில் செங்குத்தான கோலுக்கு நிழலே இராது. அவ்விரு நாட்களுக்கும் இடையே நண்பகல் நிழல் தெற்கே விழும்! நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று நம்பியிருக்கும் மாணாக்கருக்கு இது பெருவியப்பளிக்கும். முன்னது கோடை விடுமுறைக் காலம். பின்னது மழை மேகம் சூழ்ந்த காலம். மேகம் மறைத்தால், ஏன் மறைத்தது என்பதையே அன்றைய பாடமாக்கலாம்.

உயரம்

மாணாக்கருக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது சம உயரக் கோடுகளே. தட்டையான தாளில் மேடுபள்ளத்தை எவ்வாறு காண்பது? ஒரு தொட்டியில் களிமண்ணால் குன்று செய்து வைத்து, இரண்டு சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பை ஈர்க்குச்சியால் கீறச் செய்ய வேண்டும். மேலும் இரண்டு சென்டிமீட்டர் ஊற்றி மறுபடியும் கீற வேண்டும். குன்று மூழ்கும் வரை இவ்வாறு செய்து, பின்னர் நீரை வடித்துவிட்டு நேர் மேலிருந்து நோக்கினால், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த கோடுகள் தெரியும். சரிவு செங்குத்தாயுள்ள பக்கத்தில் அவை நெருங்கியும், சாய்வாயுள்ள பக்கத்தில் விலகியும் இருக்கும்.

பிறகு மாணாக்கரைப் பார்வதிக் குன்றுக்கு அழைத்துச் செல்லலாம். நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறினால், நகரத் தரைக்கு ஏறக்குறைய 80 மீட்டர் மேலே நிற்கலாம். 1 : 50,000 படத்தில் சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். எனவே கால்கள் களைக்க ஏறிய அக்குன்று, படத்தில் நான்கு கோடுகளில் அடங்கிவிடுகிறது. ஏறி இறங்கிய பின் அந்நான்கு கோடுகளைக் காணும் மாணாக்கன் அவற்றை ஒருபோதும் மறவான்.

படத்தின் முகவரி

சர்வே இலாகாவின் பழைய முறையில் புனே நகரம் 47 எஃப்/14 என்ற தாளில் உள்ளது. அதன் தென்பகுதி 47 எஃப்/15-இல் தொடர்கிறது. 47 என்பது நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் கொண்ட சதுரம். அது பதினாறு பாகைச் சதுரங்களாகப் பிரிந்து எழுத்துக்களைப் பெறுகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் பதினாறாகப் பிரிந்து எண்களைப் பெறுகிறது. வீதி, வீடு, அறை என்பது போன்ற இம்முகவரி முறையை மாணாக்கர் விளையாட்டாகவே கற்பர். பிற்காலத் திறந்த வரிசைப் படங்களுக்கு எண்முறை வேறு. 2017-ஆம் ஆண்டு முதல் அப்படங்களை இலாகாவின் இணையதளத்திலிருந்து இந்தியக் குடிமக்கள் கட்டணமின்றிப் பெற இயலும்.

இப்பெரும்பணி தமிழ்நாட்டு மண்ணில் தொடங்கியது என்பதும் கூறத்தக்கது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னை பரங்கிமலையருகே லாம்டன் என்பார் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடித்தளக் கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் திரிகோண அளவை அக்கோட்டின்மேல் எழுந்ததே.

மழையும் ஆறும்

லோணாவளாவிலிருந்து புனேக்கு இருப்புப் பாதை வழியே சுமார் 64 கிலோமீட்டர். மலை முகட்டிலுள்ள லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. புனேயில் பெய்வது ஏறக்குறைய 700 மில்லிமீட்டரே. கடற்காற்று மலைமீதேறிக் குளிர்ந்து நீரைச் சொரிந்துவிட்டு, மறுபுறம் வறண்டு இறங்குவதே காரணம். பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, வானிலை நிலையங்களைப் போலக் காலை 8.30 மணிக்கு மாணாக்கரே அளந்து குறித்து வந்தால், மழைமறைவுப் பிரதேசம் என்னும் சொல் பொருளுடையதாகும்.

அம்மழைநீர் செல்லும் வழியையும் படத்தில் தொடரச் செய்யலாம். மேற்குக் கடல் அண்மையிலேயே இருந்தும் முளா-முட்டா கிழக்கே ஓடி, பீமாவிற் கலந்து, கிருஷ்ணாவாகி, வங்கக் கடலை அடைகிறது. அக்கிருஷ்ணாவின் நீரில் ஒரு பங்கு 1996-ஆம் ஆண்டு முதல் கால்வாய் வழியே பூண்டி ஏரிக்கு வந்து சென்னையின் தாகத்தைத் தணிக்க உதவி வருகிறது.

ஒரு துயர நாளின் பாடம்

1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், கட்டுமானம் முற்றுப்பெறும் தறுவாயிலிருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளம் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு முட்டா நதி வழியே நகருட் புகுந்தது. நாராயண பேட்டை, சனிவார பேட்டை முதலிய ஆற்றோரப் பகுதிகள் நீரில் மூழ்கின. பலர் உயிரிழந்தனர். எண்ணற்றோர் வீடிழந்தனர். அவர்களுக்காகக் கோகலே நகர் முதலிய புதிய குடியிருப்புகள் எழுந்தன.

அந்நாளின் படத்தை வகுப்பில் விரித்து, ஆற்றின் இருமருங்கிலும் தாழ்ந்த நிலத்திற்கு வண்ணம் தீட்டச் செய்யலாம். எத்தெருவில் நீர் முதலிற் புகும், எவ்வழியே சென்றால் விரைவில் மேட்டை அடையலாம் என்று மாணாக்கரே கண்டு சொல்லட்டும். பார்வதிக் குன்றில் எண்ணிய நான்கு கோடுகள் அப்போது உயிர் காக்கும் கோடுகளாக விளங்கும். தொலைபேசியில் தெரியும் படம் செல்லும் வழியைக் காட்டும். ஆயினும் எது மேடு, எது பள்ளம் என்று தானே நோக்கியறியும் பழக்கத்தை அது தானாக உண்டாக்கிவிடாது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு

புனேயில் இயல்வது இங்கும் இயலும். பார்வதிக் குன்றுக்கு ஈடாகத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை நிற்கிறது. அதன் உயரமும் ஏறத்தாழ 80 மீட்டரே. லோணாவளாவுக்கும் புனேக்கும் உள்ள வேறுபாட்டை வால்பாறையிலும் கோயம்புத்தூரிலும் காணலாம். வைகையும் தாமிரபரணியும் அடையாறும் தத்தம் கரைகளில் இதே பாடத்தை வைத்திருக்கின்றன. குன்றில்லாத ஊரில் ஏரிக்கரை உண்டு; அதன் மதகும் கலிங்கும் நிலத்தின் சரிவைச் சொல்லும்.

மகாராஷ்டிரத்தில் ஜனவரி 14-ஆம் நாள், பூகோளப் பேராசிரியர் சி. டி. தேஷ்பாண்டேயின் நினைவாகப் பூகோள தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் பொங்கல் பண்டிகையும் அதனையொட்டியே வருகிறது. சூரியனுக்கு நன்றி கூறும் அப்பருவத்தில், பள்ளி திறந்ததும் முற்றத்தில் ஒரு கோலை நட்டு நிழலைக் குறிக்கத் தொடங்கினால், அவ்வாண்டின் பூகோளப் பாடம் அங்கேயே இனிது தொடங்கிவிடும்.