காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுத்தவர்

பருத்திக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கம்பளி, பட்டு, ரேயான் எல்லாம் நனைந்தால் வலு குறையும். பருத்தி இழை நனைந்தால் வலு கூடும். செல்லுலோஸ் சங்கிலிகளால் ஆன அந்த இழைக்குள் நீர் மூலக்கூறுகள் புகும்போது உள்ளே இறுகிக் கிடக்கும் இடங்கள் தளர்கின்றன. இழுக்கும் விசை ஒரே இடத்தில் சேராமல் இழை முழுக்கப் பரவுகிறது. காற்று வறண்டால் நேர்மாறு. இழை விறைக்கும், உராய்வில் நிலைமின்சாரம் ஏறும், மயிர் சிலிர்த்து நிற்கும், இயந்திரத்தில் ஓடும்போது அடிக்கடி அறுந்துபோகும். இங்கிலாந்தின் லங்காஷயர் உலகத்துக்கே துணி தந்த காலத்தில், அந்தப் பகுதியின் ஓயாத தூறலும் ஈரக்காற்றும் சம்பளம் வாங்காத தொழிலாளிகளாக இருந்தன.

பம்பாயில் கடற்காற்று இருந்தது, துறைமுகம் இருந்தது, கடன் கொடுக்க ஆளும் இருந்தது. அதனால் 1870களில் நூற்பாலை தொடங்க நினைத்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கினார்கள். ஜாம்ஷெட்ஜி நுஸ்ஸர்வான்ஜி டாடா மட்டும் சுமார் 800 கி.மீ. உள்ளே, கோடையில் 45 டிகிரி வெயில் கொளுத்தும் நாக்பூருக்குப் போனார். சதுப்பு நிலம் ஒன்றை வாங்கி மண் கொட்டி நிரப்பினார். தங்கத்தை மண்ணில் புதைக்கிறார் என்று உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர் கடன் தர மறுத்த கதை பிரபலம்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. பருத்தி விளைவது நாக்பூரைச் சுற்றி. நிலக்கரி இருப்பது பக்கத்து வரோராவில். இவை இரண்டையும் பம்பாய்க்கு இடம் மாற்ற முடியாது. காற்றின் ஈரத்தையோ இயந்திரம் வைத்து உண்டாக்கிக்கொள்ளலாம். எது நகரும், எது நகராது என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான், என் கணிப்பில், அவருடைய தலைமைப் பண்பின் ஆணிவேர். அவர் பேரில் எழுதப்படும் தன்னம்பிக்கைப் புத்தகங்களில் துணிச்சலும் நாட்டுப்பற்றும் நிறைய வருகின்றன, இது வருவதில்லை.

1839 மார்ச் 3 அன்று குஜராத்தின் நவ்சாரியில் பார்சி புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் ஜாம்ஷெட்ஜி. அந்தப் பரம்பரையில் முதலில் வியாபாரத்துக்குப் போனவர் அப்பா நுஸ்ஸர்வான்ஜி. மகன் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து முடித்து 1859-ல் ஹாங்காங் போனார். அங்கே நடந்தது பருத்தி வியாபாரம் மட்டுமல்ல, அபினி வியாபாரமும்தான். அக்காலப் பம்பாய் வணிகர்கள் பலர் செய்ததுதான் என்றாலும், மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் அமெரிக்கப் பருத்தி நின்றுபோய், இந்தியப் பருத்தி விலை வானத்தைத் தொட்டது. 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்து பம்பாயே திவாலானது. டாடா குடும்பமும் ஏறக்குறைய மூழ்கியது. பிறகு 1868-ல் 21,000 ரூபாய் முதலில் அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1877 ஜனவரி 1, விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்ட அதே நாளில், நாக்பூர் ஆலை ‘எம்பிரஸ் மில்ஸ்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது.

அங்கே நடந்த ஒரு மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைக்கு லங்காஷயரின் பெருமை ‘மியூல்’ இயந்திரம். அதில் ஒரு வண்டி முன்னே நகர்ந்து பஞ்சை இழுத்து முறுக்கும். பிறகு நின்று, பின்னே வந்து, முறுக்கிய நூலைச் சுற்றும். முறுக்கும்போது சுற்றாது, சுற்றும்போது முறுக்காது. அமெரிக்காவில் தோன்றிய ‘ரிங்’ முறையில் இந்த நிறுத்தமே இல்லை. கோவை மில்களில் ‘டிராவலர்’ என்று சொல்வார்களே, விரல் நகத்தைவிடச் சிறிய அந்தக் கம்பி வளைவுதான் சூத்திரதாரி. கதிரில் செருகிய பாபின் சுழலும்போது, நூல் இந்த டிராவலரையும் வளையத்தின் மேல் இழுத்துக்கொண்டு ஓடும். டிராவலர் ஒரு சுற்று வந்தால் நூலில் ஒரு முறுக்கு விழும். ஆனால் உராய்வால் அது பாபினைவிடச் சற்றுப் பின்தங்கியே ஓடும். பின்தங்கும் அந்தச் சிறு வித்தியாசம்தான் நூலைப் பாபினில் சுற்றுகிறது. ஒரே ஓட்டத்தில் முறுக்கும் ஆயிற்று, சுற்றும் ஆயிற்று.

மெல்லிய நூல் நூற்பதில் கைதேர்ந்தவர்கள் நிறைந்த லங்காஷயர், ரிங்கை நம்பவில்லை. அவர்களுக்கு அது சரி. நாக்பூரில் இருந்ததோ குட்டை இழைப் பருத்தியும், ஆலைக்குப் புதிய ஆட்களும். தடித்த நூல் போதும், வேகம் வேண்டும். 1880களில் டாடா ரிங்கைச் சோதித்துப் பார்த்து அதற்கு மாறினார். மேலை நாட்டில் எது உயர்வோ அதையே வாங்கிப் போடுவது அன்றைய முதலாளிகளின் வழக்கம். தன் பஞ்சுக்கும் தன் ஆட்களுக்கும் எது பொருந்தும் என்று பார்த்தது இவருடைய வழக்கம்.

ஆலையை நடத்த அவர் பிடித்த ஆள் பெசோன்ஜி மேத்தா; ரயில்வேயிலிருந்து வந்தவர். நூற்பு அவருக்குத் தெரியாது. தெரிந்தவராக லங்காஷயர் பொறியாளர் ஜேம்ஸ் புரூக்ஸ்பி பக்கத்தில் இருந்தார். ஆலைக்குள் ஈரமூட்டிகளும் தீயணைப்புத் தெளிப்பான்களும் வந்தன. 1886-ல் ஓய்வூதிய நிதி, 1895-ல் விபத்துக்கு இழப்பீடு. இவற்றை வெறும் கருணை என்று சொல்ல எனக்குத் தயக்கம். வெந்து புழுங்கும் கொட்டகையில் இழை மட்டுமல்ல, ஆளும் தாங்குவதில்லை. வேலைக்கு வராமல் நின்றுவிடுவது நாக்பூரில் தீராத தலைவலி. கருணையும் கணக்கும் ஒரே திசையில் போகும் இடத்தைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் பொருந்தும்.

எல்லாம் பலித்துவிடவில்லை. ஜப்பானிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து அவர் தொடங்கிய கப்பல் சேவையை, பி அண்ட் ஓ கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தே ஒழித்துக்கட்டியது. தூத்துக்குடியில் வ.உ.சி.க்கு நேர்ந்தது, பத்தாண்டுக்கு மேல் முன்னதாக, பம்பாயில் நடந்தது.

இனி இரும்பு. 1882-ல், 43 வயதில், மத்திய மாகாணத்தின் சாந்தா மாவட்ட இரும்புத்தாது பற்றி ஒரு ஜெர்மானிய நிபுணர் எழுதிய அறிக்கையைப் படித்தார். தாது நல்ல தாது. பக்கத்திலேயே வரோரா நிலக்கரி. பிறகென்ன தடை? கரிதான் தடை.

இரும்புத்தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்த பொருள். அந்த ஆக்சிஜனைப் பிடுங்கினால்தான் இரும்பு கிடைக்கும். ஊதுலையில் அந்த வேலையைச் செய்வது கார்பன் மோனாக்சைடு வாயு. அதைத் தருவது கோக் கரி. வெப்பம் தருவதும் அதே கோக். இவை இரண்டுக்கும் சாதாரண நிலக்கரி போதும் என்று தோன்றும். ஆனால் கோக்குக்கு மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. பல அடுக்குத் தாதும் சுண்ணாம்புக்கல்லும் மேலே அழுத்த, அந்தப் பாரத்தைப் பொடியாகாமல் தாங்க வேண்டும். தன் இடுக்குகள் வழியே காற்றை மேலேறவும் விட வேண்டும். விறகும் அதுவே, அடுப்புக்கல்லும் அதுவே. காற்றில்லாமல் சூடாக்கும்போது இளகி, ஒட்டி, கெட்டியான நுண்துளைக் கட்டியாகும் நிலக்கரி சில வகைகள்தான். வரோரா கரி அந்தச் சாதியில் சேரவில்லை. சோதனையில் அது தேறாததோடு அப்போதைய சுரங்க உரிம விதிகளும் சேர்ந்துகொள்ள, திட்டம் கிடப்பில் போனது.

1899-ல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் விதிகள் தளர்ந்தபோது அவருக்கு வயது 60. 1902-ல் அமெரிக்கா போய், நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்ற உலோகவியல் ஆலோசகரைப் பிடித்தார். பெரின் அனுப்பிய புவியியலாளர் வெல்டுடன் மகன் தோராப்ஜி காடுமேடெல்லாம் அலைந்தார். சாந்தா மாவட்டம் கைவிடப்பட்டது. நாக்பூர் அருங்காட்சியகத்தில் மாட்டியிருந்த புவியியல் வரைபடத்தைப் பார்த்து துர்க் மாவட்டத்துக்குப் போனார்கள். தாது அங்கே மலைமலையாகக் கிடந்தது; ஆனால் ஆலைக்கு வேண்டிய நீரும் கரியும் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. அந்த நேரத்தில், 1904 பிப்ரவரி 24 அன்று, பி. என். போஸ் ஒரு கடிதம் எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வுபெற்று மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் பணியாற்றிவந்தவர் அவர். கோருமகிசானி மலையில் நல்ல தாது இருக்கிறது, ஜாரியாவின் கோக் கரியும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றது கடிதம்.

கடிதம் வந்த மூன்றாவது மாதம், மே 19 அன்று, ஜெர்மனியின் பாட் நௌஹைமில் ஜாம்ஷெட்ஜி காலமானார். தாது, கரி, சுண்ணாம்புக்கல், இரண்டு ஆறுகள், ரயில் பாதை எல்லாம் கூடும் சாக்சி என்ற கிராமத்தை மற்றவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். லண்டன் பணம் தர இழுத்தடிக்க, 1907-ல் இந்தியர்கள் சுமார் 8,000 பேர் மூன்றே வாரத்தில் முதலைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்ப்பு வெளிவந்தது. 1919-ல் சாக்சி, ஜாம்ஷெட்பூர் ஆனது.

இரும்பைவிட எனக்குப் பிடித்தது அவருடைய மழைக் கணக்கு. பம்பாய் ஆலைகள் வெகுதூரத்திலிருந்து வந்த நிலக்கரியை எரித்துப் புகை கக்கிக்கொண்டிருந்தன. நகருக்குப் பின்னாலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை நான்கு மாதம் கொட்டித் தீர்த்தது. லோனாவாலாவில் அந்த நீரைத் தேக்கி, 500 மீட்டருக்குக் கீழே இருக்கும் கோபோலியில் விழச் செய்தால்? டேவிட் காஸ்லிங் என்ற பம்பாய்க் கட்டடக் கலைஞர் சொன்ன யோசனை டாடாவைப் பற்றிக்கொண்டது.

ஆயிரம் லிட்டர் நீர் 500 மீட்டர் விழுந்தால் ஏறக்குறைய 1.36 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படும். 20 மீட்டர் அணையிலிருந்து விழுந்தால் அதில் 25-ல் ஒரு பங்குதான். ஆக, பெரிய ஆறு வேண்டியதில்லை; உயரம் போதும். அத்தனை உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீர், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பாய்ச்சலைப் பிடிப்பது பெல்டன் சக்கரம். அதன் விளிம்பில் நடுவே வரப்பு வைத்த கிண்ணங்கள் இருக்கும். நீர் வரப்பில் மோதி இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்தில் வளைந்து, வந்த திசைக்கே திரும்பும். சக்கரத்தின் விளிம்பு நீரின் வேகத்தில் பாதியில் ஓடினால், நீர் தன் ஆற்றலை ஏறக்குறைய முழுக்கக் கொடுத்துவிட்டுத் தளர்ந்து விழும். 1911-ல் அடிக்கல், 1915-ல் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம். 1932-ல் பைக்காரா நீரைக் கொண்டு கோவை மில்களை ஓட வைத்தது இதே உத்திதான். உயரம் மட்டும் அங்கே இன்னும் அதிகம்.

மூன்றாவது ஆசை ஓர் ஆராய்ச்சிக் கல்விக்கூடம். அதற்காகத் தன் சொத்தில் பாதியை, 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பம்பாய்க் கட்டடங்களையும் நிலங்களையும், ஒதுக்கினார். படித்து வருபவர்களுக்கு வேலை எங்கே என்று கர்சன் சந்தேகப்பட்டார். வேதியியலாளர் வில்லியம் ராம்சே வந்து பார்த்துப் பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் கொடுத்தது. அரசின் ஒப்புதல் வந்தது 1909-ல். முதல் மாணவர்கள் வந்தது 1911-ல். வேதியியலும் மின் தொழில்நுட்பமும் இருந்தன. இரும்புக்காக இருபது ஆண்டுக்கு மேல் அலைந்த மனிதரின் பணத்தில் எழுந்த இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியலுக்கென்று தனித்துறை வருவதற்கு 1945 ஆகிவிட்டது.