கைகாட்டி இறங்காத இரவு: தனுஷ்கோடி ரெயில் நிலையத்தின் கதை

ராமேசுவரத்தைத் தாண்டித் தென்கிழக்கே போகும் சாலையில் சென்றால், சற்று நேரத்தில் மரங்கள் மறைந்துவிடும். இடப்புறம் ஒரு கடல், வலப்புறம் ஒரு கடல், நடுவே மணல். இடப்புறத்துக் கடல் அடங்கிக் கிடக்கும். அதைப் "பெண் கடல்" என்கிறார்கள். வலப்புறத்துக் கடல் சீறும். அது "ஆண் கடல்". இந்த இரண்டுக்கும் நடுவில், கூரை இல்லாத சில சுவர்கள் மணலில் நிற்கின்றன.

அதுதான் தனுஷ்கோடி ரெயில் நிலையம்!

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், "தண்டவாளம் போய் முடிந்த இடம் இது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தண்டவாளம் முடிந்தது உண்மைதான். ஆனால் பயணம் அங்கே முடியவில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போன மக்களுக்கு, 50 ஆண்டு காலம் அது நடுவழி ஸ்டேஷன்.

கொழும்புக்கு ஒரே டிக்கெட்

அந்த நாளில் இலங்கைக்குப் போக விரும்பியவர்கள் ரெயிலில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறினார்கள். திறந்த கடலில் நெடுந்தூரப் பயணம். இதைச் சுருக்க வழி பார்த்தது தென்னிந்திய ரெயில்வே கம்பெனி.

வழி ராமேசுவரம் தீவில் இருந்தது. ஆனால் தீவுக்கும் மண்டபத்துக்கும் நடுவே கடல். அந்தக் கடலின்மேல் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாம்பன் பாலத்தைக் கட்டினார்கள். கப்பல் வந்தால் இரு பக்கமும் தூக்கி வழிவிடும் இரும்புப் பாலம் அது. 1914-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி திறக்கப்பட்டது.

அதன் பிறகு எழும்பூரில் ஏறிய பயணி, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் ஏறி, சுமார் 22 மைல் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினார். அங்கே கொழும்பு ரெயில் காத்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் ஒரே டிக்கெட்! கப்பலோடு இணைந்த வண்டி ஆனதால் அதற்குப் "போட் மெயில்" என்று பெயர்.

யார் யார் போனார்கள்?

கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள் போனார்கள். படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் இரு பக்கத்திலிருந்தும் போய் வந்தார்கள். இரண்டு கடலும் கூடும் இடத்தில் நீராட, வடநாட்டிலிருந்து காசி யாத்ரீகர்கள் வந்தார்கள்.

எல்லாரையும்விட அதிகமாக நினைக்க வேண்டியவர்கள் வேறு சிலர். பஞ்சத்தாலும் கடனாலும் ஊரை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பிய ஏழைகள். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடிந்த பிறகு, மூட்டை முடிச்சுகளோடு இந்த வழியாகத்தான் அவர்கள் அக்கரைச் சீமைக்குப் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தாய்நாட்டில் கடைசியாகக் கால் பதித்த இடம் தனுஷ்கோடி.

இந்த ரெயில் பாதைக்கு இன்னொரு நினைவும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரம் ஸ்டேஷனில் வண்டி நிற்பதை ரத்து செய்தார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வெளியே எறிந்துவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க உதவிய சிறுவன் ஒருவன், அதற்குக் கிடைத்த காசைத் தன் முதல் சம்பாத்தியமாக எண்ணிப் பெருமைப்பட்டான். பின்னாளில் இந்திய ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம்தான் அந்தச் சிறுவன்!

ஸ்டேஷனைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது. சுங்க ஆபீஸ், தபால் தந்தி ஆபீஸ், ரெயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோவில் எல்லாம் இருந்தன. ரெயில் வரும் நேரமும் கப்பல் புறப்படும் நேரமும்தான் அந்த ஊருக்குக் கடிகாரம்.

1964 டிசம்பர் 22

அந்த ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி அந்தமான் அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாயிற்று. அது புயலாக வலுத்து, மேற்கே நகர்ந்து, 22-ந் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை நோக்கித் திரும்பியது.

அன்று இரவு 12 மணிக்கு 5 நிமிடம் இருக்கும்போது, பாம்பனிலிருந்து 653-ம் எண் பாசஞ்சர் வண்டி புறப்பட்டது. வண்டியில் 110 பயணிகள். ரெயில்வே ஊழியர்கள் 5 பேர். மழையும் இருட்டும் கண்ணை மறைத்தன. தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டி இறங்கவில்லை. என்ஜின் டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார் என்றும், பிறகு நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு மெதுவாக வண்டியை நகர்த்தினார் என்றும் சொல்கிறார்கள்.

அப்போது எழுந்தது அலை. 20 அடிக்கு மேல் உயர்ந்து வந்த கடல், ஆறு பெட்டிகளையும் ஒரே வாயாக விழுங்கிவிட்டது. 115 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

ஸ்டேஷன் ஏன் பதில் சொல்லவில்லை? பதில் சொல்ல அங்கே ஸ்டேஷனே இல்லை! ஊருக்குள் கடல் புகுந்துவிட்டது. தந்திக் கம்பிகள் அறுந்து, என்ன நடந்தது என்று வெளியுலகுக்குத் தெரியவே நேரமாயிற்று. அந்தப் புயலில் மாண்டவர்கள் மொத்தம் சுமார் 1,800 பேர் என்பது கணக்கு.

46 நாளில் எழுந்த பாலம்

பாம்பன் பாலமும் தப்பவில்லை. 126 இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. பாலத்தைச் சீர்ப்படுத்த 6 மாதம் ஆகும் என்றார்கள். பிறகு 3 மாதம் கெடு வைத்தார்கள். பொறுப்பை ஏற்ற இளம் என்ஜினீயர், விழுந்த உத்தரங்களைக் கடலிலிருந்தே தூக்கி எடுத்து, 46 நாளில் வேலையை முடித்துவிட்டார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ரெயிலை அமைத்துப் புகழ்பெற்ற ஈ.ஸ்ரீதரன் தான் அவர்.

பாலம் எழுந்தது. தனுஷ்கோடி எழவில்லை. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசாங்கம் அறிவித்துவிட்டது. ரெயில் ராமேசுவரத்தோடு நின்றுகொண்டது. கப்பல் போக்குவரத்தும் அங்கேயே மாறியது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். புயலுக்கு ஏழு வாரம் முன்புதான், அக்டோபர் 30-ந் தேதி, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. பாட்டனும் பாட்டியும் கப்பல் ஏறிய துறை எது என்று, திரும்பி வந்த பேரன் பேத்திகள் பார்க்க முடியவில்லை. அவர்கள் வந்து இறங்கியது ராமேசுவரத்தில். 1980-களில் இலங்கையில் போர் மூண்டபோது அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

நடுவழி மட்டும் இல்லை

போரில் அழிந்த தலைமன்னார் ரெயில் பாதையை இந்தியாவின் உதவியோடு மறுபடி போட்டு, 2015-ம் ஆண்டு மார்ச்சில் வண்டி விட்டார்கள். இக்கரையில், பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் எழுந்த புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ரெயில் பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. புயல் திரும்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும், அந்த மணல் திட்டு ரெயிலைத் தாங்குமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லாமல் அங்கே ஒரு தண்டவாளமும் போட முடியாது.

மீனவக் குடும்பங்கள் சில, இடிபாடுகளுக்கு அருகே குடிசை போட்டு வாழ்கின்றன. மணலைக் கையால் தோண்டினால், இரண்டு கடலுக்கு நடுவிலும் அவர்களுக்கு நல்ல தண்ணீர் ஊறுகிறது. உப்புக்காற்று தின்று, ஸ்டேஷன் சுவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கரைந்து வருகின்றன. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அந்தச் சுவரில் சாய்ந்து கப்பலுக்குக் காத்திருந்தவர்களை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.

சென்னையிலிருந்து ராமேசுவரத்துக்கு ஓடும் அந்த வண்டியைப் பயணிகள் இன்றும் "போட் மெயில்" என்றுதான் அழைக்கிறார்கள். போட் இல்லை, அது காத்திருந்த துறையும் இல்லை. பெயரில் மட்டும் தனுஷ்கோடி ஓடிக்கொண்டிருக்கிறது!